புதுப்பிப்பு: மோட்டார் ஏன் கிளம்பவில்லை என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: மொட்டைமாடித் தொட்டிக்காக நான் செய்த மோட்டார் கன்ட்ரோலரில் (ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்) ஒரே ஒரு வரியை மாற்றி புரோகிராமை மறுபடி ஏற்றினேன். அதற்கப்புறம் தொட்டி காலியானாலும் மோட்டார் கிளம்பவில்லை. மோட்டாரை ஆன் செய்யும் சுவிட்சான ரிலே மேல் சந்தேகப்பட்டு புதிது வாங்கிப் போட்டேன். காசுதான் போச்சு.

தப்பு அந்த வரியில் இல்லை, ஏற்றிய விதத்தில். எப்போதும் யூஎஸ்பியில் பூட்லோடர் (சிப்புக்குள்ளேயே இருந்து புது புரோகிராமை வாங்கி எழுதும் சின்ன புரோகிராம்) வழியாக ஏற்றுவேன். இந்த முறை ஐஎஸ்பி புரோகிராமர், அதாவது சிப்பின் கால்களில் இணைத்து நேரடியாக எழுதும் கருவி. அது எழுதும் முன் சிப்பை அழிக்கிறது. சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் பிட்களுக்கு ஃபியூஸ் என்று பெயர். அதில் ஈஈசேவ் ஃபியூஸ் போடாமல் இருந்தால் (புது சிப் அப்படித்தான் வரும்) ஈப்ராமும் (கரன்ட் போனாலும் எண்களை மறக்காத நினைவகம்) சேர்ந்து காலி. அழிந்த ஒவ்வொரு பைட்டும் 255 ஆகிவிடும். மோட்டார் கிளம்பும் முன் காத்திருக்க வேண்டிய விநாடிகளை அங்கேதான் இரண்டு பைட்டில் வைத்திருந்தேன். 20 இருந்த இடத்தில் 65,535! கணக்குப் போட்டால் 18 மணி நேரம் 12 நிமிடம். பாவம், அது சொன்ன பேச்சைக் கேட்டுக் காத்திருந்திருக்கிறது.

இப்போது ஹை ஃபியூஸ் என்ற பைட்டில் ஈஈசேவைப் போட்டுவிட்டேன், இனி ஈப்ராம் அழியாது. படித்த எண் 300-ஐத் தாண்டினால் 20 என்றே எடுத்துக்கொள்ளும்படி கோடிலும் எழுதியாச்சு. ஃபியூஸில் கை வைப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: அதே பைட்டில்தான் ரீசெட்டை முடக்கும் ஆர்எஸ்டிடிஸ்பிஎல் பிட்டும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சிப்பின் ரீசெட் கால் ரீசெட்டாக வேலை செய்யாது, அப்புறம் ஐஎஸ்பி வேலை செய்யாது.

பழைய ரிலே நன்றாகத்தான் இருக்கிறது.