குளம்பழற்சியா, குளம்பு வேக்காடா?

அனைவருக்கும் வணக்கம். பால் உற்பத்தியாளர் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. லேம்னஸ் (மாடு நொண்டுவது), லாமினைட்டிஸ் (குளம்புக்குள் வருகிற நோய்) இரண்டுக்கும் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்ததற்கு என் பதில்:

> லாமினைட்டிஸ் = குளம்பழற்சி. 'ஐடிஸ்' என்றால் அழற்சி, எப்போதோ முடிந்த விஷயம்.

முடிந்ததுதான் ஐயா, மடியழற்சி எனக்கும் உறுத்தவில்லை. ஆனால் அதே பக்கத்தில் மேலே 'குளம்பழுகல்' இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அழுகல் சேற்றிலும் சாணியிலும் நின்று குளம்பிடுக்கில் கிருமி ஏறி வருவது. மற்றது தீவனக் கோளாறு: சோறும் மாவும் மிஞ்சி அசையூண் வயிறு புளித்துப்போய், அது குளம்புக்குள் போய் இறங்கும். ஒரு மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஜெர்சிக் கலப்பு அவிழ்த்துக்கொண்டு போய் அண்டாப் பொங்கலைக் காலி செய்தது. வயிறு உப்பி அடங்கின கையோடு, நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. அப்பா அழுகல் என்று நினைத்து எட்டு நாள் மயில்துத்தத் தண்ணீரில் கழுவினார். இடுக்கில் புண்ணில்லை, நாற்றமில்லை, குளம்புக்கு மேலே தொட்டால் மட்டும் சுட்டது. அதனால்தான் 'குளம்பு வேக்காடு' என்கிறேன்.

> அழற்சி அழலிலிருந்து வந்தது. அழல் நெருப்பு, அழுகல் ஈரம். தமிழ் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

அழகு, இனி எனக்கு மறக்காது. சொசைட்டியில் பால் ஊற்ற வருகிற அக்காவுக்கு யார் போய்ச் சொல்வது?

> லேம்னஸ் = முடவு. அகநானூற்றில் 'முடவு முதிர் பலவு', வளைந்த பலா. மாட்டுக்கும் முதலில் வளைவது முதுகுதானே?

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாடு எவ்வளவு நொண்டுகிறது என்று நடையைப் பார்த்துப் போடும், 1 முதல் 5 வரை போகும் நடை மதிப்பெண்ணில் 2 என்பதே இதுதான், நின்றால் முதுகு நேர், நடந்தால் வளைவு. ஆனாலும் முடம் என்ற பேச்சு காதில் விழுந்தால் எங்கள் பக்கம் அடிமாட்டு வியாபாரி வாசலில் நிற்பார். ஊரில் 'காலைத் தாங்குது' என்பார்கள். 'கால்தாங்கல்' வைத்துவிடலாமே?

——

தாங்கல் என்றால் ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல்.

——

அப்படியானால் மனத்தாங்கலும் ஏரியா?

——

ஏரி கிடக்கட்டும். மாடு காலைத் தாங்குவது பளிச்சென்று தெரிவது 4-ஆம் மதிப்பெண்ணில்தான். அதையே நோய்க்குப் பெயராக வைத்தால், முதுகு மட்டும் வளைந்த 2-ஆம் மதிப்பெண் மாட்டுக்கு நோயே இல்லை என்றாகிவிடும். அந்த மாட்டைக் கண்டுபிடிக்கத்தானே கையேடு?

——

நியாயமான கேள்விதான், ஆனால் மணி பதினொன்றரை. கால்தாங்கலுக்கு நான்கு பேர், நொண்டலுக்கு இரண்டு, முடவுக்கு ஒருவர். கால்தாங்கல் போகிறது, முதுகு வளைவுப் படத்தை அதன் பக்கத்திலேயே பெரிதாகப் போடுகிறேன். வேக்காட்டுக்கு யாரும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அதனால் அதுவும் போகிறது.

——

நான் இல்லை என்றுதான் சொன்னேன், மூன்று மடலில். மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், மெய்ப்பில் 12-ஆம் பக்கம் 'குழம்பு அழுகல்' என்று அடித்திருக்கிறீர்கள். அது சாம்பார்.