உபுண்டு 22.04 சர்வரில் லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை: பழைய பேக்கேஜைக் கொண்டுவந்து போடலாமா?

மாவடி:
வாடகைக்கு எடுத்த விபிஎஸ்ஸில் (விர்ச்சுவல் சர்வரில்) உபுண்டு 22.04 ஓடுகிறது. பழைய அப்ளிகேஷன் ஒன்றுக்காக மாங்கோடிபி 4.4 டேட்டாபேஸைப் போட வேண்டும். ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தால் "லிப்எஸ்எஸ்எல் 1.1 தேவை, ஆனால் நிறுவ முடியாது" என்று நின்றுவிடுகிறது. அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் மென்பொருளின் பழைய லைப்ரரி. புதிய வெர்ஷனுக்குப் போகலாம் என்றால் 5.0 முதல் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள சிபியு கேட்கிறது. இந்த விபிஎஸ்ஸில் அது இல்லாததால், ஸ்டார்ட் ஆனதுமே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று விழுந்துவிடுகிறது. ஆப்ட் எங்கிருந்து பேக்கேஜ் எடுக்கும் என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்டில் பழைய உபுண்டு 20.04-இன் வரியைச் சேர்த்துவிடு என்கிறார் ஆபீஸில் ஒரு அண்ணன். செய்யலாமா?

தென்பொதிகை:
வரியைச் சேர்க்க வேண்டாம். லிப்எஸ்எஸ்எல் 1.1-இன் டெப் ஃபைலை (உபுண்டு பேக்கேஜ் ஃபைலை) மட்டும் உபுண்டுவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ஆப்ட் இன்ஸ்டாலுக்குப் பின்னால் புள்ளி, சாய்கோடு, ஃபைல் பெயர் என்று கொடுங்கள். டிபிகேஜி கட்டளை வேண்டாம், அது டிபெண்டன்சிகளை (கூடவே தேவைப்படும் பேக்கேஜ்களை) தேடிக் கொண்டுவராது. 22.04-இல் ஏற்கெனவே இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0. இரண்டின் லைப்ரரி ஃபைல்களுக்கும் பெயர் வேறு என்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. அவ்வளவுதான் வேலை.

கற்பாறை:
இப்படிச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு சரி. அந்த டெப்பைப் போட்ட பிறகு ஆப்ட் லிஸ்ட் அடித்துப் பாருங்கள், பக்கத்தில் "லோக்கல்" என்று காட்டும். எந்த ரெப்போவும் (பேக்கேஜ் களஞ்சியமும்) இனி அதற்கு அப்டேட் தராது என்று அர்த்தம். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது டிஸ்ட்ரோ பேக்கேஜை வைத்திருந்தவர்கள் ஓர் அப்டேட், ஒரு ரீஸ்டார்ட்டில் ஓட்டையை அடைத்தார்கள். தனியாக ஒரு பிரதியைக் கொண்டுவந்து வைத்திருந்தவர்கள் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. புரோகிராமைத் தனிக் கண்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கரில் மாங்கோ 4.4 இமேஜை எடுத்து ஓட்டுங்கள். சர்வர் சுத்தமாக இருக்கும்.

தென்பொதிகை:
அந்த இமேஜும் உபுண்டு 20.04 மேல் கட்டியதுதான் நண்பரே. உள்ளே அதே லிப்எஸ்எஸ்எல் 1.1 இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவே. இன்னொன்று: மாங்கோடிபி 3.6 முதலே இயல்பாக 127.0.0.1-இல் மட்டும்தான் கேட்கும், அதாவது அதே மெஷினுக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். அதே மெஷினில் உள்ள அப்ளிகேஷன் டிஎல்எஸ் என்கிரிப்ஷன் இல்லாமல் பேசுகிறது என்றால், லைப்ரரி மெமரியில் ஏறியிருந்தாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட அதைத் தொடாது. ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் பேச வேண்டும்.

டாக்கர் போடச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். மாங்கோவின் போர்ட் 27017-ஐ அப்படியே பப்ளிஷ் செய்தால், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடி வைத்திருந்தாலும் அது வெளியே திறந்துவிடும். டாக்கர் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகளில்) தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது, யுஎஃப்டபிள்யூ பார்க்கும் பாதையில் அந்த டிராஃபிக் வருவதே இல்லை. 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபிகளில் ஆயிரக்கணக்கில் டேட்டாவை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை ஆகிவிடும்.

கற்பாறை:
போர்ட் விஷயம் சரி. பப்ளிஷ் செய்யும்போது முன்னால் 127.0.0.1 சேர்த்தே கொடுக்க வேண்டும், அதை நானே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "அதே லைப்ரரிதானே" என்பதை ஏற்க மாட்டேன். கண்டெய்னருக்குள் இருந்தால் அதைத் தொடும் புரோகிராம் ஒன்றே ஒன்று. ஹோஸ்டில், அதாவது சர்வரிலேயே நேரடியாகப் போட்டால் நாளை இன்னொரு பழைய பைனரியும் சத்தமில்லாமல் அதைப் பிடித்துக்கொள்ளும். டிபெண்டன்சி இல்லை என்ற எரர் வந்திருந்தால் நின்று யோசித்திருப்போம், இப்போது அது வரவே வராது. 24.04-க்கு அப்கிரேடு செய்யும்போது இந்த மாதிரி லோக்கல் பேக்கேஜ்கள்தான் குறுக்கே நிற்கும். கண்டெய்னர் என்றால் ஒரு கட்டளையில் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஆற்றுமணல்:
அண்ணன் சொன்ன சோர்சஸ் லிஸ்ட் விஷயம் பாதியில் நிற்கிறது. ஆப்ட் இயல்பாக உயர்ந்த வெர்ஷனைத்தான் எடுக்கும், அதனால் பழைய ரிலீஸின் வரி பெரும்பாலும் உடனே எதையும் உடைக்காது. புது ரிலீஸின் வரியைச் சேர்ப்பதுதான் பயங்கரம். 22.04-இல் 24.04 வரியைப் போட்டு அப்கிரேடு கொடுத்தால், ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் ஜிலிப்சி லைப்ரரி 2.35-லிருந்து 2.39-க்குத் தாவும், மற்றவை அரைகுறையாகப் பின்னால் வரும். ஜிலிப்சி உடைந்தால் எல்எஸ் கட்டளைகூட ஓடாது. எஸ்எஸ்எச்சில் புதிதாக நுழையவும் முடியாது. தூரத்தில் இருக்கும் சர்வரில் அப்புறம் ப்ரொவைடரின் கன்சோல்தான் கதி.

எதைச் செய்தாலும் இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் டெர்மினலான டிமக்ஸுக்குள் செய்யுங்கள், நெட் போனாலும் டிபிகேஜி பாதியில் அறுபடாது. முதலில் ஆப்ட்டை, எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் சிமுலேட் வசதியோடு ஓட்டுங்கள். "பின்வரும் பேக்கேஜ்கள் நீக்கப்படும்" என்ற பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

என் கேள்வி வேறு. ஏவிஎக்ஸ் உண்மையிலேயே இல்லையா? சிபியு விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை அடித்தால் மாடல் பெயர் என்ன வருகிறது?

மாவடி:
"காமன் கேவிஎம் புராசசர்" என்று வருகிறது.

ஆற்றுமணல்:
நினைத்தேன். அது நிஜமான சிபியுவின் பெயர் இல்லை, விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்த பொதுவான மாடல். கீழே இருக்கும் ஹார்டுவேரில் ஏவிஎக்ஸ் இருந்தாலும் இது காட்டாது. சிபியு டைப்பை "ஹோஸ்ட்" என்று மாற்றச் சொல்லி ப்ரொவைடருக்கு டிக்கெட் போடுங்கள். மாற்றித் தந்தால் 4.4-இல் மாட்டிக்கொள்ளவே வேண்டாம். 6.0.4 முதல் மாங்கோடிபி 22.04-ஐ நேரடியாக ஆதரிக்கிறது, அது ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐயே கேட்கும்.

தென்பொதிகை:
நல்ல யோசனை, ஆனால் அப்ளிகேஷனின் பழைய டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி) 6.0-உடன் பேசுமா என்று பார்க்காமல் தாவ வேண்டாம். டேட்டா ஏற்கெனவே 4.4-இல் இருந்தால் 5.0 வழியாகத்தான் 6.0-க்கு ஏற முடியும், ஒரே தாவலில் முடியாது. அதுவரை ஓட வேண்டும் என்றால் என் வழிதான் குறைந்த வேலை.

கற்பாறை:
"அதுவரை" என்று போட்டதுதான் பல சர்வர்களில் வருடக்கணக்கில் கிடக்கிறது. 4.4-க்கே 2024 பிப்ரவரியில் ஆதரவு முடிந்தாயிற்று. டெப் போடுவதானால் ஒரு பேக்கேஜை எவையெல்லாம் சார்ந்திருக்கின்றன என்று காட்டும் ஆப்ட்-கேஷின் ஆர்டிபெண்ட்ஸை "இன்ஸ்டால்டு" சேர்த்து ஓட்டி, லிப்எஸ்எஸ்எல் 1.1-ஐ மாங்கோவைத் தவிர யார் பிடித்திருக்கிறார்கள் என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

மாவடி:
டிக்கெட் போட்டுவிட்டேன். பதில் வரும்வரை கண்டெய்னர், போர்ட் 127.0.0.1-இல் மட்டும். டிரைவர் வெர்ஷனைப் பார்த்துவிட்டு வருகிறேன். தென்பொதிகை அண்ணா, டிரைவர் பைத்தானுக்கான பைமாங்கோ 3.4 என்றுதான் நினைவு. அது 6.0-உடன் பேசுமா?

தென்பொதிகை:
3.4 அப்போதைய பழைய சர்வர்களுக்காக எழுதியது. டிரைவரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பழைய வயர் புரோட்டோகாலின் கட்டளைகளை 6.0 எடுத்துவிட்டது, எந்த இடத்தில் உடையும் என்று சொல்ல முடியாது. முதலில் தனி விர்ச்சுவல் என்வில் (பைத்தானின் தனிச் சூழலில்) பைமாங்கோவை 4-க்கு ஏற்றி, இப்போதைய 4.4-உடனேயே டெஸ்ட்களை ஓட்டுங்கள். இன்சர்ட், அப்டேட், ரிமூவ் என்ற பழைய மெத்தட்கள் 4-இல் இல்லை. கோடில் அவற்றைத் தேடி மாற்றுவதுதான் உங்களுக்கு நிஜமான வேலை.