சேர் சார்ள்ஸ் வொரன்: எருசலேமில் குழி தோண்டியவர் லண்டன் பொலிஸ் ஆணையாளரானது எப்படி?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
பாடசாலை வரலாற்று மன்றத்தில் உயர்தர மாணவருக்கு 20 நிமிட உரை ஒன்று இருக்கு. பொருள் சேர் சார்ள்ஸ் வொரன் (1840–1927). இராணுவப் பொறியியலாளர், எருசலேம் அகழ்வு, தென்னாபிரிக்காவில் எல்லை அளவை, லண்டன் பொலிஸ் ஆணையாளர், சிங்கப்பூரில் படைத்தளபதி, கடைசியில் போயர் யுத்தம் என்று நீண்டுகொண்டே போகுது. ஆண்டு வரிசையில் வாசித்தால் பிள்ளைகள் தூங்கிடும். எதை விரிக்கலாம், எதை ஒரு வரியில் முடிக்கலாம்? மற்றது, 1888இல் லண்டனில் பெண்களைத் தொடர்ந்து கொன்ற, யாரென்றே தெரியாத ஜக் த ரிப்பரைப் பிடிக்க முடியாமல்தான் பதவி விலகினார் என்று பார்க்கிற இடமெல்லாம் கிடக்கு. அது சரிதானா?

கொட்டுக்கிணறு (கல்லடி):
எருசலேமை விரிங்க சேர். 1867இல் பலஸ்தீன ஆய்வு நிதியம் அனுப்பும்போது அவர் 27 வயது லெப்டினன்ட். அல்-அக்ஸா பள்ளிவாசல் இருக்கிற ஹரம் வளாகத்துக்குள் தோண்ட அனுமதியில்லை, மதிலை ஒட்டித் தோண்டவும் விடவில்லை. அதனால் மதிலிலிருந்து தள்ளி நேர்கீழாகக் குழி இறக்கினார். பிறகு பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிப் போய் அத்திவாரத்தைத் தொட்டார். சில குழிகள் 80 அடிக்கும் மேல். செதுக்கிய பெருங்கற்கள் நிலத்துக்குக் கீழேயும் அவ்வளவு ஆழம் இறங்குது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

நம்மட கரையோர மணலில் கிணற்றுக்குக் கொட்டு (வளையம்) இறக்குவதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும். உள்ளே தோண்டத் தோண்டக் கொட்டு தானாக இறங்கும், வெளிமணல் சரியாது. வொரனிடம் இருந்ததோ மரச்சட்டமும் பலகையும்தான். ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதன் கீழே கொஞ்சம் தோண்டி, அடுத்ததைப் பொருத்தணும். அங்கே கிடந்தது மண்ணல்ல, பல நூற்றாண்டு இடிபாடு. ஒட்டுப்பிடிப்பே இல்லாத கற்சல்லி பலகை இடுக்கால் தண்ணீர் மாதிரி ஓடி வரும். ஓடினால் பலகைக்குப் பின்னால் பொந்து விழும், பாரம் ஒரு பக்கம் சாயும், சட்டம் முறியும். உள்ளே நிற்கிறவருக்கு ஏறி வர நேரமிருக்காது.

ஒரு எச்சரிக்கை. எருசலேமின் கீகோன் ஊற்றுப் பக்கம் அவர் பெயரால் அழைக்கப்படும் செங்குத்துத் துவாரம் தண்ணீர் அள்ள மனிதர் வெட்டியது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 1990களில் நடந்த அகழ்வுகளுக்குப் பிறகு, அது பாறையில் இயற்கையாக உண்டான பிளவு என்ற முடிவே வலுவாக நிற்குது. பழையதை அப்படியே சொல்லிடாதீங்க.

சம்மாந்துறை வாசகன்:
பதவி விலகிய கதைக்கு இரண்டு திகதி போதும். அவர் விலகியது 1888 நவம்பர் 8. ரிப்பரின் கடைசிப் பலி என்று சொல்லப்படும் மேரி கெலி கொல்லப்பட்டது மறுநாள் 9ஆம் திகதி. அந்தக் கொலை எப்படிக் காரணமாகும்?

உண்மைக் காரணம் நிர்வாகச் சண்டை. பொலிஸ் நிர்வாகம் பற்றி ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். பொலிஸார் முன்அனுமதியில்லாமல் எழுதக்கூடாது என்று 1879 சுற்றறிக்கை இருந்தது, உள்துறைச் செயலாளர் மத்யூஸ் அதைக் காட்டிக் கண்டித்தார். அப்படியொரு நிபந்தனை இருப்பது தெரிந்திருந்தால் பதவியை ஏற்றிருக்கவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன்பே குற்றப்புலனாய்வுத் தலைவர் மொன்றோ இவரைத் தாண்டி நேரே உள்துறையோடு பேசிக்கொண்டிருந்தார். பொறுப்பு ஒருவரிடம், காது கொடுப்பது வேறொருவருக்கு. எந்தத் திணைக்களமும் அப்படி ஓடாது. மொன்றோவே அடுத்த ஆணையாளரும் ஆனார்.

செப்டெம்பர் 30 விடியற்காலையைக் கட்டாயம் சொல்லுங்க. அந்த இரவில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள். லண்டன் கொல்ஸ்டன் வீதிச் சுவரில் யூதரைக் குறிப்பிடும் சுண்ணக்கட்டி எழுத்து. படமெடுக்க வேண்டும் என்று நின்றது சிட்டி பொலிஸ். அது வொரனுக்குக் கீழ்ப்படாத வேறு படை, அன்றிரவு நடந்த இரண்டாவது கொலை அவர்கள் எல்லைக்குள். வொரன் நேரே வந்து பார்த்து, சந்தை கூடினால் யூதர் மேல் கலவரம் வெடிக்கும் என்று அழிக்கச் சொன்னார். சாட்சியம் போனது. ஆனால் அவருடைய பயம் நியாயமானது என்பதே என் கருத்து. முந்தின ஆண்டு நவம்பர் 13 லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கக் கூட்டத்தைப் படையும் சேர்த்து அடக்கியதற்கு அந்த நியாயம் கிடையாது.

வாவிக்கரை:
நன்றி இரண்டு பேருக்கும். பொலிஸ் அனுபவமே இல்லாத ஒருவரை ஏன் போட்டார்கள்? நம்மட நாட்டிலும் அப்படி நடந்ததா?

சம்மாந்துறை வாசகன்:
1886 பெப்ரவரியில் லண்டனில் கலவரம், அதோடு அப்போதைய ஆணையாளர் ஹென்டர்சன் விலகினார். அவரும் வொரனைப் போல ரோயல் எஞ்சினியர்ஸ் என்ற இராணுவப் பொறியியல் படை ஆள்தான். அளவை, கட்டடம், கணக்கு, கூலியாள் மேற்பார்வை எல்லாம் பழகியவர்கள் என்பதால் சிறைச்சாலைக்குக்கூட அவர்களைத்தான் எடுத்தார்கள். இலங்கைப் பொலிஸ் தலைவராக 1866 செப்டெம்பர் 3 பொறுப்பேற்ற கெம்பல் வேறு வகை, இந்தியாவின் ரத்னகிரியில் பொலிஸ் நடத்தியவர். அந்த நாளைத்தான் பொலிஸ் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கொட்டுக்கிணறு (கல்லடி):
எல்லை அளவையும் சிங்கப்பூரும் ஒவ்வொரு வரி போதும். மிச்ச நேரம் ஸ்பியன் கொப்புக்கு. அது தென்னாபிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்களோடு பிரித்தானியர் நடத்திய யுத்தத்தில் சண்டை நடந்த மலை. 1900 ஜனவரி 23 இரவு வொரனின் கட்டளைப்படி சுமார் 1,700 பேர் மலையேறினார்கள். கையில் 20 பிக்காசு, 20 சவள். மண்மூட்டை கீழேயே விடுபட்டது. பாறையில் ஒன்றரை அடிகூடத் தோண்ட முடியவில்லை. மூடுபனி விலகின பிறகுதான் பதுங்குகுழி உச்சியின் விளிம்பில் இல்லை என்று தெரிந்தது. 80 அடி குழி இறக்கின மனிதரின் படைக்கு இந்தக் கதி. காயப்பட்டவரைத் தூக்கியவர்களில் காந்தியின் இந்திய அம்புலன்ஸ் படையும் உண்டு.

கரும்பலகையில் மலையின் பக்கவெட்டைக் கீறுங்க. நடுவில் பதுங்குகுழி, அதற்கு முன்னால் விளிம்பு, விளிம்புக்கு அப்பால் ஏறி வரும் போயர்கள். குழியிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தால், சரிவில் வருகிறவன் ஏன் கண்ணில் படவில்லை என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.