சிஸ்டம்டி: ஒழுங்காக நின்ற ஜாவா சேவையை ‘ஃபெயில்டு’ என்று காட்டுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஜாவா பயன்பாட்டைச் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி, கண்காணித்து, நிறுத்தும் நிரல்) சேவையாக ஓட்டி வருகிறேன். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’ கொடுத்ததும் தரவுத்தள இணைப்புகளை மூடிவிட்டு அது முறையாக நிற்பது லாகில் தெரிகிறது. ஆனாலும் நிலையைப் பார்த்தால் ‘கோட்=எக்சிடெட், ஸ்டேட்டஸ்=143’ என்று காட்டி, சேவை தோல்வியுற்றதாகச் சொல்கிறது. சிக்டெர்ம் (நிற்கச் சொல்லும்) சிக்னலால் முடிவதைச் சிஸ்டம்டி இயல்பான முடிவாகவே கொள்ளும் என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் இப்படி?

பதில்:
படித்தது சரிதான். ஆனால் சிக்னலால் கொல்லப்படுவதும், சிக்னலைப் பிடித்துக்கொண்டு தானே வெளியேறுவதும் கெர்னலின் கணக்கில் வெவ்வேறு. முதல் வகையில் ‘கோட்=கில்டு, சிக்னல்=டெர்ம்’ என்று பதிவாகும். சிக்ஹப், சிக்இன்ட், சிக்டெர்ம், சிக்பைப் ஆகிய நான்கு சிக்னல்களில் எதனால் இவ்வாறு முடிந்தாலும், ஒன்ஷாட் (ஒரு வேலையை முடித்ததும் நின்றுவிடும்) வகை அல்லாத சேவைகளில் அது வெற்றியே. ஜாவா மெய்நிகர் இயந்திரமோ சிக்டெர்மைத் தானே பிடித்து, ஷட்டவுன் ஹுக்குகளை (நிற்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளை) ஓட்டி முடித்தபின், 128 உடன் சிக்னல் எண்ணான 15ஐக் கூட்டி, 143 என்ற சாதாரண எக்சிட் கோடோடு வெளியேறுகிறது. 128ஐக் கூட்டுவது ஷெல்லின் வழக்கம். சிஸ்டம்டி அந்த எண்ணைத் திருப்பிச் சிக்னலாகப் படிப்பதில்லை, பூச்சியமல்லாத, அதாவது தோல்வியைக் குறிக்கும், கோடு என்றே பார்க்கிறது. யூனிட் கோப்பின் (சேவையின் அமைப்புகள் உள்ள கோப்பு) சர்வீஸ் பகுதியில் ‘சக்சஸ்எக்சிட்ஸ்டேட்டஸ்=143’ என்று சேர்த்து, அதை மீண்டும் படிக்கச் செய்யும் டீமன்-ரீலோடு கொடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது ‘இன்ஆக்டிவ்’ என்று வருகிறது. ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’ (தோல்வியுற்றால் மறுதொடக்கம்) என்றும் வைத்திருக்கிறேன்; அதை இது பாதிக்குமா?

பதில்:
பாதிக்கும். சிஸ்டம்சிடிஎல் மூலம் நிறுத்தினால் எந்த நிலையிலும் மறுதொடக்கம் நடக்காது. ஆனால் வேறு யாரோ ‘கில்’ கட்டளையால் நேரடியாகச் சிக்டெர்ம் அனுப்பினால், முன்பு 143ஐத் தோல்வியாகக் கருதி எழுப்பிவிட்ட சிஸ்டம்டி, இனி வெற்றியாகக் கருதிச் சும்மா இருந்துவிடும். எப்போதும் ஓட வேண்டிய சேவையென்றால் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ என்று வைப்பதே என் பரிந்துரை.

மற்றொரு பதில்:
ஜாவாவை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்குகிறீர்களா என்பதையும் பாருங்கள். அப்படியானால் சிஸ்டம்டிக்குத் தெரியும் முதன்மைப் ப்ராசஸ் ஷெல்தான். சிக்கில்லால் (உடனே கொல்லும் சிக்னல், எண் 9) ஜாவா செத்தால் ஷெல்லுக்குக் கிடைப்பது 137. ஆனால் ஜாவா வரிக்குக் கீழே லாகுக்காக ஓர் ‘எக்கோ’ (செய்தி அச்சிடும் கட்டளை) இருந்தால், அந்தக் கடைசிக் கட்டளையின் கோடான பூச்சியத்தோடு ஸ்கிரிப்ட் முடிந்து, செத்த சேவை வெற்றியாகப் பதிவாகும். ஆன்-ஃபெயிலியரும் அதை எழுப்பாது. ஜாவா வரியின் முன் ‘எக்செக்’ சேர்த்தால் ஷெல்லின் இடத்தில் ஜாவாவே அமர்ந்துவிடும்.