அப்புச்சி வீடு குழு: பச்சை ஒயர்

[ஞாயிறு, காலை 10:12]

பெரிய மாமா: மாப்பிள்ளை, லைனில் இருக்கிறாயா? நம் பொக்லைன் வண்டி மறுபடியும் மக்கர். நேற்று மூன்று மணிநேரம், இன்று ஒன்றரை மணிநேரம். அவ்வளவுதான் ஓடியது.

அம்மா: என்ன ஆச்சுங்க அண்ணா?

பெரிய மாமா: இன்ஜின் ஓடுகிறது. ஆனால் முக்கலும் முனகலும்தான். ஆக்சிலேட்டர் டயலை எவ்வளவு திருப்பினாலும் ஐடிலிலேயே, அதாவது குறைந்த சுற்றிலேயே நிற்கிறது. பூம் ஆமை மாதிரி ஏறுகிறது. டிஸ்ப்ளேயில் சிவப்பு விளக்கு, வரிசையாக எரர்.

பெரிய மாமா: (படம்)

சின்ன மாமா: ராசிபுரம் பண்ணைக் குட்டை வேலையா அண்ணா? தோட்டத்துக்காரர் மழைக்கு முன்னால் முடித்துத் தரச் சொன்னாரே.

பெரிய மாமா: அதேதான். தினமும் வானத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அத்தை: மெக்கானிக்கிடம் காட்டினீர்களே, அவர் என்ன சொன்னார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பெரிய மாமா: அவர் எங்கே வந்து பார்த்தார்? போனிலேயே கேட்டுவிட்டு இன்ஜின் பெட்டி போய்விட்டது என்கிறார். ஈசிஎம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். மாற்ற ஒரு லட்சத்து எண்பதாயிரம், முன்பணம் பாதி. போன வாரம் அவர் சொல்லித்தான் பம்ப் பிரஷர் சென்சார் ஒன்று மாற்றினேன். அது 9,000. மாற்றியும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான்: மாமா, பணம் போட்டுவிடாதீர்கள். இங்கே ஓமானில் மணி எட்டே முக்கால், ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இன்று லீவுதான். படத்தைப் பார்த்தேன். அதில் எஸ்பிஎன் 639 என்று ஓர் எரர் நம்பர் இருக்கிறது பாருங்கள், நான்காவது வரி.

பெரிய மாமா: ஆமாம். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

நான்: அதுதான் முக்கியம். 639 என்றால் வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைனில் கோளாறு. மற்ற எரர்களெல்லாம் அதனால் வந்தவை. தெருவில் பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு வீட்டுக் குழாயையுமா கழற்றிப் பார்ப்போம்? மெயின் பைப்பைத்தானே பார்ப்போம்.

நான்: கேன் லைனைத்தான் பார்க்க வேண்டும் மாமா.

பெரிய மாமா: எந்தக் கேன்? டீசல் கேனா?

சின்ன மாமா: 😂😂

பாப்பா: அப்பா, அது சிஏஎன். கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க். எங்களுக்கு இந்த செமஸ்டரில் வருகிறது. பாஷ் கம்பெனி 1986-ல் காருக்காகக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி ஒயர் இழுக்காமல் இரண்டே ஒயரில் எல்லாப் பெட்டியும் பேசும்.

பெரிய மாமா: இது தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கிறது, நான் ஓமானுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா: எனக்கு பரீட்சைக்குத்தான் தெரியும் அப்பா. வண்டியில் அது எங்கே இருக்கும் என்று தெரியாது.

நான்: 😀 பாப்பா சொன்னது சரி. மாமா, நீங்கள் டயலைத் திருப்பினால் அது நேராக இன்ஜினுக்குப் போவதில்லை. கேபினில் இருக்கும் பெட்டி அதைப் படித்து, "1,800 சுற்று வேண்டும்" என்று இன்ஜின் பெட்டிக்கு அந்த இரண்டு ஒயர் வழியாகச் சொல்கிறது. செய்தி போய்ச் சேரவில்லை என்றால் இன்ஜின் பெட்டி நமக்கு ஏன் வம்பு என்று ஐடிலிலேயே இருந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

அப்புச்சி: வணக்கம். எல்லோரும் சாப்பிட்டீர்களா

அம்மா: இனிமேல்தான் அப்பா. அண்ணன் வண்டி நின்றுவிட்டது.

நான்: மாமா, சைட்டில் மீட்டர் இருக்கிறதா?

பெரிய மாமா: ஆபரேட்டரிடம் மஞ்சள் மீட்டர் இருக்கிறது. முந்நூறு ரூபாய் மீட்டர்.

நான்: போதும். சீட்டுக்குப் பக்கத்தில் வட்டமாக, ஒன்பது பின் உள்ள கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சாக்கெட்) ஒன்று மூடி போட்டு இருக்கும். லேப்டாப் மாட்டுவார்களே, அது. பின்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்து இருக்கும். சி, டி இரண்டையும் பாருங்கள். சி-யில் மஞ்சள் ஒயர், டி-யில் பச்சை ஒயர் வரும். ஏ, பி பக்கம் மீட்டர் ஊசி போகக் கூடாது. அது பேட்டரி.

நான்: மீட்டரை ஓம் 200-ல் வைத்து சி-க்கும் டி-க்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள்.

[காலை 10:41]

பெரிய மாமா: நம்பர் நிற்கவே மாட்டேன் என்கிறது. 30, 75, மைனஸ்கூட வருகிறது.

நான்: சாவி ஆனில் இருக்கிறதா?

பெரிய மாமா: ஆமாம்.

நான்: என் தப்பு, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாவி ஆஃப், அப்புறம் பேட்டரி மெயின் சுவிட்சும் ஆஃப். ஐந்து நிமிடம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிற லைனில் ஓம் பார்க்கக் கூடாது.

அத்தை: அதற்குள் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே. காலையிலிருந்து காபியோடு நிற்கிறார்.

பெரிய மாமா: சைட்டுக்கு இட்லி கொண்டுவந்தாயிற்று. ஆபரேட்டர் ஆறு, நான் நான்கு.

[காலை 10:53]

பெரிய மாமா: 120.4. இப்போது ஆடாமல் நிற்கிறது.

நான்: 60 வர வேண்டும்!!

சின்ன மாமா: இரண்டு மடங்கு நல்லதுதானே?

நான்: அது மார்க் இல்லை சின்ன மாமா 😀 லைனின் இரண்டு முனையிலும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். இரண்டும் பேரலலில் சேர்ந்தால் மீட்டரில் 60 வரும். 120 வந்தால் ஒரு முனை கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லை ரெசிஸ்டரே போய்விட்டது. ஒயர் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும்.

பாப்பா: 40 வந்தால்?

நான்: நல்ல கேள்வி. யாரோ மூன்றாவது ரெசிஸ்டரை மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இங்கே ஒரு லோடரில் ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியவர்கள் அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். காலையில் ஓடும், மதிய வெயிலில் மட்டும் எரர் வரும். இரண்டு நாள் எங்களைச் சுற்றலில் விட்டது.

நான்: மாமா, உங்கள் மாடலின் சர்க்யூட் படம் என்னிடம் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் தகட்டைக் கழற்றினால் மூன்று பின் உள்ள சின்ன கப்ளர், அதில் ஒயரே இல்லாமல் மூடி மாதிரி ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் ஒரு ரெசிஸ்டர். அதைப் பிடுங்கிவிட்டு அதே சி, டி பார்க்கச் சொல்லுங்கள். (இது எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்காது. சிலதில் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.)

[காலை 11:10]

பெரிய மாமா: பிடுங்கியாயிற்று. (படம்) இப்போது 1 ஓம் காட்டுகிறது.

நான்: திரையில் எங்கே இருக்கிறது அந்த 1? இடது ஓரத்தில் ஒற்றையாகவா?

பெரிய மாமா: ஆமாம், ஓரமாக.

நான்: அது ஒரு ஓம் இல்லை மாமா. "எனக்கு எட்டவில்லை" என்று மீட்டர் சொல்வது அது. லைன் திறந்து கிடக்கிறது. நல்ல சேதி. இதுவரை நாம் பார்த்த 120 சீட்டுக்குப் பின்னால் இருந்ததுதான். இன்ஜின் பக்கத்து ரெசிஸ்டர் இங்கே வந்து சேரவே இல்லை. கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒயர் விட்டிருக்கிறது.

நான்: ரெசிஸ்டரைத் திரும்ப மாட்டுங்கள். ஒருவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு கேபினில் இருக்கட்டும். இன்னொருவர் வெளியே ஒயர் கட்டை ஒவ்வொரு அடியாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போகட்டும். நம்பர் 60-க்குத் தாவினால் கத்தச் சொல்லுங்கள்.

அப்புச்சி: இரண்டு ஒயரும் தாம்புக் கயிறு மாதிரி முறுக்கியிருக்கிறதே படத்தில். எதற்கு?

நான்: சரியாகப் பார்த்தீர்கள் அப்புச்சி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் சமமாக விழட்டும் என்று. பெட்டி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். சமமாக விழுந்தால் வித்தியாசம் மாறாது. சாவி போட்டால் மஞ்சளில் இரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, பச்சையில் கொஞ்சம் கீழே இருக்கும். 24 வோல்ட் வண்டியில் இவ்வளவு மெல்லிய பேச்சு.

அப்புச்சி: புரியில்லாத கயிறு கிணற்றோடு போகும்

[காலை 11:38]

பெரிய மாமா: (குரல் பதிவு, 0:09)

அம்மா: அண்ணா என்ன இப்படிக் கத்துகிறார், பயந்தே போய்விட்டேன்.

நான்: "அறுபது அறுபது" என்று கத்துகிறார் அம்மா 😀 எந்த இடத்தில் மாமா?

பெரிய மாமா: பம்ப் ரூம் கதவைத் திறந்தால் மேலே ஒரு கப்ளர். ஹெல்ப்பர் தொட்டதும் 60. விட்டதும் 120.

நான்: பிரித்துப் படம் போடுங்கள்.

பெரிய மாமா: (படம்)

நான்: பச்சை ஒயர் பின் மட்டும் உள்ளே போயிருக்கிறது பாருங்கள், மற்றதெல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க இது அரைக் கடுகு அளவு பின்னால். அதன் வாயில் களிம்பு பிடித்துப் பச்சைப் பொடி. ரப்பர் வளையமும் ஒருபக்கம் மடிந்திருக்கிறது. ஆமாம், பின்களைப் பிடித்துக்கொள்ள நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு இருக்க வேண்டுமே, அது எங்கே?

[காலை 11:52]

பெரிய மாமா: ஹெல்ப்பர் பையனைக் கேட்டேன். முதலில் தெரியாது என்றான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே சொல்கிறான். ஆயுத பூஜைக்கு வண்டியைப் பிரஷரில் கழுவினோம் இல்லையா, கப்ளருக்குள் தண்ணீர் போனது என்று பிரித்துத் துடைத்திருக்கிறான். அப்போது ஆப்பு கீழே விழுந்ததாம். எடுக்காமலே மாட்டிவிட்டான்.

சின்ன மாமா: சந்தனம் குங்குமம் வைத்தது வண்டிக்கு, ஆப்பு வைத்தது நமக்கு.

அத்தை: பையனைத் திட்டாதீர்கள். பதினெட்டு வயது.

பெரிய மாமா: திட்டவில்லை. முறைத்தேன்.

நான்: துடைக்க வேண்டும் என்று நினைத்தானே, அதுவே பெரிது. சரி, இப்போது செய்ய வேண்டியது: கான்டாக்ட் கிளீனர் அடித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, காயவிட்டு, பச்சை ஒயரைப் பின்னாலிருந்து 'டிக்' என்று கேட்கும்வரை தள்ளுங்கள். உபயோகத்தில் இல்லாத கப்ளர் எதிலாவது அதே அளவு ஆப்பு இருந்தால் எடுத்துப் போடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலையும் வேண்டாம்.

பெரிய மாமா: பின்னால் கூடுதல் விளக்குக்கு விட்ட கப்ளர் சும்மா கிடக்கிறது. அதே ஆறு பின்தான்.

நான்: அதேதான். நாளைக்குப் புதுப் பின்னும் கப்ளரும் வாங்கி மாற்றிவிடுங்கள். களிம்பு பிடித்த பின் திரும்ப வேலை காட்டும்.

சின்ன மாமா: போன மாதம் பக்கெட் பல் வெல்டிங் அடித்தோமே, அதனால் ஏதாவது ஆகியிருக்குமா?

நான்: இதற்குக் காரணம் அது இல்லை. ஆனால் மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தானே அடித்தீர்கள்? எர்த் கிளாம்ப்பை பக்கெட்டிலேயே மாட்டினீர்களா?

சின்ன மாமா: கிளாம்ப் டிராக்கில் மாட்டினோம்...

நான்: சின்ன மாமா 🙏 பக்கெட்டிலிருந்து டிராக்குக்குக் கரன்ட் வண்டி முழுவதும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. பெட்டி பிழைத்தது உங்கள் நல்ல நேரம்.

[மதியம் 12:35]

பெரிய மாமா: 60.2 ஓம்.

பெரிய மாமா: (வீடியோ)

பெரிய மாமா: டயலைத் திருப்பினால் சத்தம் கேட்கிறதா பார். எரர் எல்லாம் பழைய லிஸ்ட்டுக்குப் போய்விட்டது. சிவப்பு விளக்கு இல்லை.

பாப்பா: அப்பா சூப்பர்!!

அம்மா: அப்பாடா.

பெரிய மாமா: அந்த மெக்கானிக் இப்போதுதான் கூப்பிட்டார். முன்பணம் போட்டாயிற்றா என்கிறார். என்ன சொல்ல?

அத்தை: அந்த 9,000 சென்சாரைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள்.

நான்: கழற்றிய பழைய சென்சாரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் மாமா. அது நல்லதாகத்தான் இருக்கும். ஸ்பேர் ஆயிற்று.

அப்புச்சி: ஊரில் தூறல் போடுகிறது. குட்டை முடிந்ததா

பெரிய மாமா: வடக்கு மூலை பாக்கி அப்பா. மாலைக்குள் எடுத்துவிடுவோம். மாப்பிள்ளை, பையன் உன்னிடம் ஒன்று கேட்கச் சொல்கிறான். மீட்டரில் 60 பார்ப்பதை அவனுக்குச் சொல்லித் தருவாயா என்று.

நான்: ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மணிக்கு.