குன்னூர் ஓட்டுப்பட்டறை ஃபேமிலி குரூப்: வீடு மாத்துறதா வேணாமா

கலா: எல்லாருக்கும் ஒரு விஷயம். வீட்டுக்காரம்மா நேத்து வந்துச்சு, 9000 வாடகைய 14000 ஆக்குறோம் முடியலன்னா ஏப்ரல் பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிருங்கன்னு சொல்லிட்டு போயிருச்சு. பக்கத்து வீட்ட ஹோம்ஸ்டே ஆக்குனாங்கல்ல, சீசன்ல ஒரு ராத்திரிக்கே நாலாயிரம் அஞ்சாயிரம் வாங்குறாங்க, அத பாத்து இவங்களுக்கும் ஆசை வந்துருச்சு

ராணி அக்கா: 14ஆ?? அந்த ஓட்டு வீட்டுக்கா? பாத்ரூம் வெளிய இருக்கு

தினேஷ்: வெளிய இருந்தா ஹெரிடேஜ்னு போட்டு இன்னும் ரெண்டாயிரம் சேத்து வாங்குவாங்கம்மா

ராணி அக்கா: நீ சும்மா இரு. கலா நான் எத்தன வருசமா சொல்றேன் கீழ மேட்டுப்பாளையத்துக்கே வந்துருங்கன்னு. எங்க தெருவுலயே காரமடை ரோட்டு பக்கம் ஒரு வீடு காலியா இருக்கு, 6500, ரெண்டு ரூம், போர் தண்ணி இருக்கு. கோயமுத்தூருக்கு ட்ரெயின் இருக்கு, தினேஷ் அதுலதான காலேஜ் போறான். மாசம் 7500 மிச்சம் ஆகும்ல

தினேஷ்: ஆனா ஃபேன் போடணும் மாமா. மே மாசம் ஏசியும் போடணும்

முருகேசன்: இப்பத்தான் எழுந்தேன். அக்கா நீ சொல்றது சரிதான் ஆனா நான் ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கரில மாவுல கை வைக்கணும் விடியறதுக்குள்ள அடுப்புல இருந்து வர்க்கி இறங்கணும், மேட்டுப்பாளையத்துல இருந்து எந்த பஸ்ல வந்து அத செய்யிறது

ராணி அக்கா: இங்கயே ஒரு பேக்கரில சேந்துக்க. மாஸ்டருக்கு வேலையா இல்ல

முருகேசன்: பன்னு பிரட்டுக்கு வேலை இருக்கும். வர்க்கிக்கு சம்பளம் வாங்குறவன் நான். கீழ சூட்டுல வனஸ்பதி இளகிரும் லேயர் பிரிஞ்சு நிக்காது, செஞ்சு பாத்தவங்க சொன்னதுதான். 2023ல ஊட்டி வர்க்கிக்கு புவிசார் குறியீடு வேற குடுத்துட்டாங்க, கீழ செஞ்சு அந்த பேர போட்டு விக்கவும் முடியாது

தினேஷ்: மேட்டுப்பாளையம் வர்க்கின்னு போடுங்க மாமா 😂

ராணி அக்கா: அப்ப கலாவும் புள்ளையும் அம்மாவும் இங்க வரட்டும், நீ பேக்கரி ரூம்லயே தங்கிட்டு வார லீவுக்கு இறங்கி வா. எத்தன பேரு அப்படி இருக்காங்க

கலா: அண்ணி கோச்சுக்காதீங்க, நான் நேத்து ராத்திரி ஒக்காந்து கணக்கு போட்டேன். 7500 மிச்சம் கரெக்ட். ஆனா தைலக் கடைல எனக்கு வர்ற 8000 நின்னுரும், அங்க வேலை கிடைக்க எத்தன மாசம் ஆகுமோ. அவருக்கு ஓட்டல் சாப்பாடு, வாராவாரம் பஸ்சு, கரண்ட் பில்லு. இங்க ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீல கிட்டத்தட்ட முடிஞ்சுரும் எங்களுக்கு. கூட்டி கழிச்சா கீழ வந்தா கைல இருந்துதான் போகுது

ராணி அக்கா: கணக்கு கணக்குன்னா எப்படி, புள்ள படிப்பு? இங்க நல்ல மெட்ரிகுலேசன் ஸ்கூல் இருக்கு

விஜி: அக்கா இதுல மட்டும் நான் குறுக்க பேசுறேன், எங்க ஸ்கூல்ல வருசா வருசம் பாக்குறேன் அதான். தர்ஷினி ஆறாவதுல இருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல், இப்ப ஒம்பதாவது. 12 வரைக்கும் கவர்ன்மென்ட்லயே படிச்சாத்தான் மெடிக்கல் இன்ஜினியரிங்ல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு. நடுவுல ஒரு வருசம் தனியார்ல படிச்சாலும் போச்சு. காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 வரும், அதுவும் போயிரும். கீழ வந்தாலும் கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே சேருங்க அண்ணி

கலா: இது எனக்கு தெரியவே தெரியாது விஜி. அவ வேற நர்சிங் இல்லன்னா டாக்டர்னு சொல்லிட்டு திரியுறா

ராணி அக்கா: எனக்கும் தெரியாதுப்பா. சரி ஸ்கூல் விடு. அம்மாவுக்கு வீசிங், மார்கழி தைல படுற பாடு எனக்குத்தான தெரியும்

அம்மா (வாய்ஸ் மெசேஜ், தர்ஷினி டைப் பண்ணது): என்ன வச்சு நீங்க சண்ட போடாதீங்க. குளிரு எனக்கு ஒத்துக்கலதான். பனி நாள்ல ரெண்டு மாசம் ராணி வீட்டுல இருந்துக்கிறேன், மத்த நாளெல்லாம் என் புள்ளகூட. கீழ வெயில்ல ஒரு வாரத்துக்கு மேல எனக்கு தலை கிர்ருங்குது. யாரும் என்ன கேக்கல அதான் நானே சொல்றேன்

ராணி அக்கா: அம்மா உனக்கு தனி ரூமே இருக்குமா இங்க

பெரியப்பா: முருகேசா வேலைய விடாதே. மலைல வேலை போச்சுன்னா திரும்ப கிடைக்காது, ஊட்டி ஃபிலிம் பாக்டரி மூடுனப்ப எத்தன குடும்பம் இறங்கி போச்சுன்னு நான் அருவங்காடு கார்டைட் வெடிமருந்து பாக்டரில இருந்து பாத்தவன். கேத்தி பாலாடா பக்கம் என் கூட வேலை பாத்தவர் வீடு ஒண்ணு லீசுக்கு இருக்கு. 3 லட்சம், மூணு வருசம், வாடகை கிடையாது. பணம் முடியும்போது திரும்ப வந்துரும்

கலா: மாமா கேத்தில இருந்து குன்னூர் கடைக்கு நான் வரணும் பாப்பா ஸ்கூலுக்கு வரணும்

விஜி: 2024ல இருந்து மலைலயும் லேடீஸுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாதுல்ல அண்ணி. தர்ஷினிக்கு ஸ்டூடன்ட் பாஸ். ஸ்கூல் மாத்தவே வேணாம்

முருகேசன்: நான் பைக்ல போயிருவேன். பனில ராத்திரி ஒரு மணிக்கு போறது கஷ்டம்தான், முடியாத நாளு பேக்கரிலயே படுத்துக்கிறேன். 3 லட்சத்துக்குத்தான் வழி பாக்கணும். இங்க அட்வான்ஸ் 60 திரும்ப வரும், சீட்டு எடுத்தா 1 லட்சத்து 20

ராணி அக்கா: ஒரு 50 நான் தர்றேன். வட்டி கிட்டின்னு பேசுனா அடிப்பேன்

விஜி: லீசுன்னா வெறும் பத்திரத்துல எழுதி கையெழுத்து போட்டுட்டு விட்டுராதீங்கண்ணா. ஒரு வருசத்துக்கு மேல போற லீஸ ரிஜிஸ்டர் பண்ணணும். வீட்டு வரி ரசீது யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க, அந்த வீட்டு மேல பேங்க் லோன் இருக்கான்னு வில்லங்கம் போட்டு பாருங்க, பணத்த அக்கவுன்ட்ல போடுங்க கைல குடுக்காதீங்க

பெரியப்பா: அவர் நல்ல மனுசன்தான்

விஜி: நல்ல மனுசன்தாம்பா, அவர் மகன் எப்படின்னு தெரியாதுல்ல

பெரியப்பா: சரி அது நியாயம். இன்னொன்னு முருகேசா. வீட்ட உள்ள பாக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்கு பின்னாடி போய் பாரு. மண்ண வெட்டி நேரா நிக்க வச்சிருந்தா, தடுப்பு சுவர் இல்லாம இருந்தா வேணவே வேணாம். 2009 நவம்பர்ல கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை, மாவட்டம் பூரா 40 பேருக்கு மேல செத்தாங்க

கலா: மாமா பயமா இருக்கு

பெரியப்பா: பயப்பட சொல்லலம்மா. பாத்து எடுங்கன்னுதான். தண்ணி போற ஓடைய மூடி கட்டியிருக்கானான்னும் பாருங்க. தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா விடுறாங்கன்னு வீட்டுக்காரர் கிட்ட கேக்காதீங்க பக்கத்து வீட்டுல கேளுங்க

முருகேசன்: சனிக்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல ஃப்ரீ. நீங்களும் வர்றீங்களா பெரியப்பா

பெரியப்பா: அருவங்காடு ஸ்டாப்புல நிக்கிறேன். மூணு மணி. லேட் பண்ணாத, சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிட்டா பின்னாடி இருக்கிற மண்ணு கண்ணுக்கு தெரியாது

ராணி அக்கா: கலா இந்த வீட்டுக்காரம்மா கிட்ட ஜூன் வரைக்கும் டைம் கேளு, பாப்பாவுக்கு பரீட்சை இருக்குன்னு சொல்லு. நான் இங்க 6500 வீட்ட எதுக்கும் ஒரு வாரம் நிறுத்தி வைக்க சொல்றேன்

கலா: சரிங்க அண்ணி. சீசன்ல வாடகை சும்மா போகுதுன்னு ஜூனுக்கு ஒத்துக்க மாட்டாங்க, ஏப்ரல் கடைசின்னு கேக்குறேன்

தினேஷ்: மாமா சனிக்கிழமை வரும்போது வர்க்கி ரெண்டு கிலோ பெரியப்பா தாத்தா கிட்ட குடுத்து விடுங்க, ஞாயித்துக்கிழமை நான் மேல வர்றேன்

முருகேசன்: வீடு பாக்குற அன்னிக்கும் உனக்கு வர்க்கி கேக்குது