பழைய டெம்போ டிராவலர் கேம்பர்: மலை ஏறும்போது கிளட்ச் வழுக்குது, பிளேட் மட்டும் மாத்தினா போதுமா?

திம்பம்_வழி:
2004 மாடல் டெம்போ டிராவலர். படுக்கை, அடுப்பு, 100 லிட்டர் தண்ணி டேங்க் எல்லாம் வச்சு கேம்பரா மாத்தினது. ஹைட்ராலிக் கிளட்ச். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி இழுக்கல. கருகின வாடை வேற. பெங்களூருக்குள்ள ஓட்டும்போது அவ்வளவா தெரியல. கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்காமலே மெக்கானிக் "பிளேட் மட்டும் போதும்"ங்கிறார். முழு செட்டா மாத்தணுமா? பாகம் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பெல்ஹவுசிங்:
முதல்ல பெடலைப் பாருங்க. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டரை (பெடல் பக்கம் எண்ணெய் அழுத்தம் கொடுக்கிறது) தள்ளுற புஷ்ராடுக்கும் நடுவுல துளி இடைவெளி, அதாவது ஃப்ரீ ப்ளே இருக்கணும். அது இல்லேன்னா சிலிண்டருக்குள்ள இருக்கிற பிஸ்டன் முழுசா பின்னால வராது, லைன்ல அழுத்தம் தங்கிடும், நல்ல கிளட்ச்சும் வழுக்கும்.

அது சரியா இருந்தா, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மூணாவது கியர்ல கிளட்ச்சை மெதுவா விடுங்க. இன்ஜின் ஆஃப் ஆகணும். ஓடிக்கிட்டே இருந்தா கிளட்ச் வழுக்குதுன்னு உறுதி, பெரும்பாலும் பிளேட் தேஞ்சிருக்கும். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செஞ்சா பிளேட்டுல மிச்சமிருக்கிற லைனிங்கும் (உராயும் பட்டை) கருகும்.

பிளேட் மட்டும்னு ஒத்துக்காதீங்க. கூலியில பெரும்பங்கு கியர்பாக்ஸ் ஏத்தி இறக்கத்தான். பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை இன்ஜினோட சுழல்ற ஃப்ளைவீல்மேல அழுத்திப் பிடிக்கிறது), ரிலீஸ் பேரிங் (பெடலை அமுக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கிறது), கிராங்க் முனையில கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைத் தாங்குற பைலட் பேரிங் எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க. சூட்டுல நீலம் பாஞ்ச பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதுமேல புது பிளேட் போட்டா, அடுத்த மலையிலேயே வழுக்க ஆரம்பிக்கும்.

அதைவிட முக்கியம், கிளட்ச்சை மூடியிருக்கிற கூடான பெல் ஹவுசிங்குக்குள்ள எண்ணெய் இருக்கான்னு பாருங்க. விரலால தொட்டுப் பார்த்தாலே தெரியும். கறுப்பா நீர்த்து இருந்தா கிராங்க் பின்பக்க ஆயில் சீல். கெட்டியா, கந்தக வாடையோட இருந்தா கியர்பாக்ஸ் முன்பக்க சீல். கசியற சீலை விட்டுட்டுப் புது செட் போடுறது பணத்தைச் சாக்கடையில கொட்டுற மாதிரி.

லைனிங் ரிவெட் வரைக்கும் தேஞ்சிருந்தா ஃப்ளைவீல்ல வளையம் வளையமா கோடு விழுந்திருக்கும். மேலோட்டமான கோடுன்னா லேத்துல சீவலாம். ஆழமான வெடிப்புன்னா ஃப்ளைவீலையே மாத்தணும். பிரஷர் பிளேட் உட்காரும் இடம் படி மாதிரி இருந்தா, முகத்துல சீவின அதே அளவு படியிலயும் சீவச் சொல்லுங்க. இல்லேன்னா பிளேட்டுமேல பிடிப்பு குறையும்.

ஜேசிரோடு_பக்கம்:
பாகம் பெங்களூரு ஜே.சி. ரோட்டுல கிடைக்கும். ஆனா "டிராவலர் கிளட்ச் செட்"னு மட்டும் கேட்டு வாங்காதீங்க. 2005-லதான் இந்த வண்டியைச் செய்யற பஜாஜ் டெம்போ கம்பெனி, ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேர் மாறினது. உங்க வண்டி அதுக்கு முந்தினது. சேஸிஸ் நம்பரைக் கொடுங்க, பழைய பிளேட்டையும் கையோட கொண்டு போங்க. வெளிவிட்டத்தை அளந்து, நடுவுல இருக்கிற பல்லை எண்ணி, இரண்டும் ஒத்துப் போனாத்தான் வாங்கணும். பழைய பிளேட்டுக்கே லைனிங் ஒட்டித் தர்றாங்க. டேங்க் தண்ணியே 100 கிலோ வர்ற வண்டிக்கு அது வேண்டாம்.

பெல்ஹவுசிங்:
மாட்டும்போது கவனிக்க வேண்டியது. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. வண்டியை ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தாதீங்க, ஸ்டாண்டு கொடுத்தே ஆகணும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டும் முன்னாடி ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு) இரண்டிலயும் நேருக்கு நேர் பஞ்ச் புள்ளி வைங்க, இல்லேன்னா அப்புறம் அதிரும். பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஏர் அடிச்சுத் தூசியை ஊதக் கூடாது, நனைச்சுத் துடைங்க.

புது பிளேட்டை மாட்டும் முன்னாடி கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல கையால தள்ளிப் பாருங்க, தடையில்லாம ஓடணும். ஸ்ப்ளைன்ல (ஷாஃப்ட் மேல இருக்கிற பல்) கிரீஸ் மெல்லிசா தடவினா போதும். அதிகமானா சுழலும்போது சிதறி லைனிங்ல ஒட்டும். புது பிரஷர் பிளேட் முகத்துல துருப்பிடிக்காம இருக்கப் பூசின எண்ணெயையும் பிரேக் கிளீனரால துடைச்சிடுங்க. பிளேட்டை நடுவுல நிறுத்த சென்டரிங் டூல் வேணும். போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க.

கியர்பாக்ஸ் கடைசி ஒரு விரல்கடை இடைவெளி விட்டு நின்னுட்டா போல்ட்டைப் போட்டு இழுக்காதீங்க. பிளேட் நடுவுல இல்லைன்னு அர்த்தம். இழுத்தா பிளேட்டோட நடுவுல இருக்கிற ஹப் வளையும், கியர்பாக்ஸ்ல போல்ட் மாட்டுற காது உடையும். ஷாஃப்ட் பிளேட்டுல நுழைஞ்சிருக்கும்போது கியர்பாக்ஸைத் தொங்க விட்டாலும் ஹப் வளையும். கடைசி வரைக்கும் ஜாக் அடியில இருக்கட்டும்.

திம்பம்_வழி:
நன்றி நண்பரே. ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு சத்தம் வருது. அதுவும் இதனாலதானா?

பெல்ஹவுசிங்:
அது வழுக்கலுக்கு நேர் எதிர். கிளட்ச் முழுசா விடுபடல. பெடலை நாலஞ்சு தடவை வேகமா அமுக்கினதும் சரியானா, லைன்ல காத்து இருக்கு, இல்லேன்னா மாஸ்டர் சிலிண்டரோ, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரோ போயிருக்கு. ஸ்லேவ் ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்க. ஈரமா இருந்தா அதையும் இப்பவே மாத்திடுங்க. கிளட்ச் ஃப்ளூயிடு டப்பா மூடியில எழுதியிருக்கிற டாட் (DOT) வகை ஃப்ளூயிடு மட்டும் ஊத்துங்க, மினரல் ஆயில் ஊத்தினா ரப்பர் ஊதிப்போகும். புது கிளட்ச்சுக்கு முதல் 500 கிலோமீட்டர் தண்ணி டேங்க்கைக் காலியா வச்சு ஓட்டுங்க. திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவுலயும் முதல் கியர், கிளட்ச் பெடலை முழுசா விட்டு ஓட்டுங்க. இரண்டாவதுல ஹாஃப் கிளட்ச் வேண்டாம்.